நூலகத் திரையில் முகநூல் திறந்திருந்தால்: பள்ளி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிங்கப்பூர்ப் பள்ளி முதல்வர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு தொடக்கப்பள்ளியில் நூலகர். இந்த வேலைக்கு வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. இது எனக்கு மூன்றாவது பள்ளி. இந்த மடலை உங்களில் ஒருவரை மட்டும் மனத்தில் வைத்து எழுதவில்லை. நம் ஊரில் 300க்கும் அதிகமான பள்ளிகள் இருக்கின்றன, எல்லாப் பள்ளி முதல்வர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் பள்ளி நூலகர் முகநூலிலோ லிங்க்ட்இன்னிலோ மற்ற நூலகர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதையும் அவர்களுக்குப் பதில் சொல்வதையும் வேலையாகவே கருதுங்கள். வேலை நேரத்திலேயே அதைச் செய்ய அவருக்கு அனுமதி கொடுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்ல, சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது நான் வேறொரு பள்ளியில் இருந்தேன். தொடக்கநிலை 3 படிக்கும் ஒரு பையன் இடைவேளை மணி அடித்ததும் நேராக நூலகத்துக்கு ஓடி வருவான். சுறாமீன்களைப் பற்றிய ஓர் ஆங்கிலப் படப் புத்தகம் அவனுக்கு உயிர். அதை நான்காவது தடவையாக இரவல் வாங்க வந்தவன், புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றான். "டீச்சர், இதே மாதிரி தமிழ்ல இருக்கா? தாத்தாவுக்குப் படிச்சுக் காட்டணும். அவருக்கு இங்கிலீஷ் வராது" என்றான்.

எங்களிடம் தமிழ்ப் புத்தகங்கள் இரண்டரை அடுக்கு இருந்தன. நீதிக்கதைகள், ராஜா ராணிக் கதைகள், தெனாலிராமன் கதைகள். அறிவியல் என்று தேடினால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். கடல், மீன் எதுவும் இல்லை. ஒரு பிள்ளை தானாக வந்து தமிழில் புத்தகம் கேட்பது எவ்வளவு அரிது என்பது உங்களுக்கே தெரியும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர்தான். அப்படியிருக்க, தாத்தாவுக்குப் படித்துக் காட்டத் தமிழ்ப் புத்தகம் கேட்டு வந்த பையனை "இல்லப்பா" என்று அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

முகநூலில் ஒரு குழு இருக்கிறது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் நூலகப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்கள், இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் நூலக வேலையில் இருப்பவர்கள், எங்களைப் போன்ற சிலர் என்று எல்லாரும் அதில் இருக்கிறோம். அங்கே எழுதினேன்: "8, 9 வயதுப் பிள்ளை படிக்கக்கூடிய, சுறா பற்றிய தமிழ்ப் புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா? படம் நிறைய வேண்டும், வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும்." முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பேராக்கில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை தம் நூலகத்தில் இருந்த கடல்வாழ் உயிரினங்கள் பற்றிய புத்தகத்தின் அட்டையையும், எழுத்தின் அளவு தெரியும்படி உள்ளே இரண்டு பக்கங்களையும் படமெடுத்துப் போட்டார். மாலைக்குள் சென்னையிலிருந்து ஒருவர், அது இன்னும் அச்சில் இருக்கிறது, யாரிடம் கேட்டால் கிடைக்கும் என்று எழுதிவிட்டார்.

மறுநாள் காலை அந்தப் பதிப்பக விவரத்தைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு மேலே இருந்த ஓர் அதிகாரி பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. "வேலை நேரத்தில் ஃபேஸ்புக்கா?" என்றார். அப்போது நூலகத்தில் ஒரு வகுப்பே இருந்தது. நான் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் ஏற்கவில்லை. அடுத்த வாரம் நூலகக் கணினியில் அந்தத் தளம் முடக்கப்பட்டது. ஆண்டிறுதி மதிப்பீட்டில் "சமூக ஊடகப் பயன்பாட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும்" என்று ஒரு வரியும் ஏறியது. அந்த வரியை இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது. என் 11 ஆண்டுகளில் நான் வேலையை ஒழுங்காகச் செய்த நாள்களில் அதுவும் ஒன்று என்றே நினைக்கிறேன்.

புத்தகம் வந்து சேர இரண்டு மாதமானது. பையனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவன் அட்டையைத் தடவிப் பார்த்தான், நன்றிகூடச் சொல்லாமல் ஓடிவிட்டான். அடுத்த திங்கட்கிழமை வந்து, "தாத்தா ரெண்டு தடவ படிக்கச் சொன்னாரு" என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அவரு சின்ன வயசுல நாகப்பட்டினத்துல சுறாவப் பாத்திருக்காராம், டீச்சர்" என்றான்.

முதல்வர்களே, நூலகரின் வேலையில் உள்ள தனிமையை நீங்கள் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும். கணித ஆசிரியருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையிலேயே இன்னொரு கணித ஆசிரியர் இருப்பார். தமிழாசிரியர்கள் எண்ணிக்கையில் குறைவுதான், ஆனாலும் அவர்களுக்கு ஒரு துறை இருக்கிறது, துறைத் தலைவர் இருக்கிறார், பயிற்சிக்கும் கலந்துரையாடலுக்கும் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. நூலகத்தில் நான் ஒருத்திதான். எங்களில் பலர் ஒப்பந்த நிறுவனம் வழியாகப் பள்ளிக்கு வருகிறவர்கள் என்பதால் ஆசிரியர் கூட்டத்துக்கும் அழைப்பு வராது. நூலகத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் அன்பானவராகத்தான் இருப்பார். ஆனால் அவருக்குப் பாடம், தேர்வுத்தாள், இணைப்பாட நடவடிக்கை என்று தலைக்கு மேல் வேலை. அவரிடம் போய், பூசணம் பிடித்த புத்தகத்தை என்ன செய்வது என்று கேட்க முடியுமா? என் தொழில் தெரிந்த சக ஊழியர்கள் எல்லாரும் வேறு வேறு கட்டடங்களில், வேறு வேறு நாடுகளில் இருக்கிறார்கள். எங்களுக்கு ஆசிரியர் அறை என்று ஒன்று இருக்குமானால் அது அந்தத் திரைக்குள்தான் இருக்கிறது.

இந்தத் தனிமை என் சொந்தப் புலம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனை நூலகத்துறையில் உலகம் முழுக்கத் தெரியும். அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். ஆனவருக்கு அந்தத் தனிமை தாங்கவில்லை. பழையபடி கல்லூரிக்கே போய்விடுகிறேன் என்று கேட்டார். முதலில் லண்டனுக்குப் போய் நூலகத்துறையைப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள். அங்கே போனவர் வகுப்பில் படித்ததோடு நிற்கவில்லை. நூலகம் நூலகமாக ஏறி இறங்கினார். யார் எப்படி அடுக்குகிறார்கள், யார் எப்படி இரவல் கொடுக்கிறார்கள் என்று பார்த்தார், கேட்டார். திரும்பி வந்தவர் பிறகு நூலகத்தை விடவே இல்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்னின்றார். நூலகம் எப்படி இயங்க வேண்டும் என்று 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளைத்தான் இன்றும் எங்களுக்குப் பாடமாக நடத்துகிறார்கள். மற்ற நூலகர்களைப் பார்த்ததும் அவர்களோடு பேசியதும்தான் அவரை இந்தத் தொழிலில் நிறுத்தியது என்று நான் நம்புகிறேன். அவருக்குக் கப்பலும் பல மாத விடுப்பும் தேவைப்பட்டன. எங்களுக்கு ஓர் இணைய இணைப்பு போதும்.

சரி, அங்கே அப்படி என்னதான் பேசுகிறோம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்குப் பெரிய உதவியாக இருந்த இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, அடுக்கு. நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு உரிய எண் 894.811. பல பள்ளி நூலகங்களில் தமிழில் எந்தக் கதைப் புத்தகம் வந்தாலும் இந்த எண்ணையே ஒட்டி ஒரே இடத்தில் வைத்துவிடுகிறோம். சில இடங்களில் அறிவியலும் வரலாறும்கூட, தமிழில் இருக்கின்ற ஒரே காரணத்துக்காக, அதே அடுக்கில் கலந்து கிடக்கும். முதுகில் ஒரே எண் உள்ள 400 புத்தகங்களுக்கு முன்னால் 8 வயதுப் பிள்ளை நின்றால் என்ன செய்யும்? கைக்கு வந்த ஒன்றை உருவும், பிடிக்கவில்லை என்றால் ஆங்கில அடுக்குக்குப் போய்விடும். பிள்ளைகளுக்குத் தமிழில் ஆர்வம் இல்லை என்று சொல்வதற்கு முன், அவர்களால் கண்டெடுக்க முடியாதபடி நாம் அடுக்கி வைத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

இதைக் குழுவில் கேட்டபோது ஜொகூரில் ஓர் ஆசிரியர் தம் அடுக்கைக் காணொளியாக எடுத்துப் போட்டார். எண்ணை அவர் மாற்றவில்லை. அதற்கு மேலே சிறு வண்ண ஒட்டுவில்லை. விலங்குக்குப் பச்சை, கடலுக்கு நீலம், சிரிப்புக்கு மஞ்சள், பேய்க்கதைக்குக் கறுப்பு. அடுக்கின் ஓரத்தில் அதே வண்ணத்தில் ஒரு படம். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பிள்ளைகூட நிறத்தைப் பார்த்துப் போய் எடுத்துவிடும். நான் ஒரு டிசம்பர் விடுமுறையில், இரண்டு தொண்டூழியப் பெற்றோர்களின் உதவியோடு, மூன்று நாளில் ஒட்டி முடித்தேன். ஒட்டுவில்லைகளுக்கு ஆன செலவு 14 வெள்ளி. கறுப்பு அடுக்குதான் முதலில் காலியானது. பேய்க்கதை வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்ட பிள்ளைகள் இத்தனை பேரா என்று எனக்கே வியப்பாக இருந்தது.

இரண்டாவது, தேடல். இது கொஞ்சம் நுணுக்கமானது, ஆனாலும் பொறுமையாகப் படியுங்கள். நூலகப் பட்டியல்களில் தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் பதிவதற்கு ஒரு முறை புழங்குகிறது. அதில் 'ச'வுக்கு ஆங்கில 'எஸ்' (s) வராது, 'சி' (c) தான் வரும். 'த'வுக்கு 'டி' (t) மட்டும்தான், கூடவே 'எச்' (h) வராது. அதனால் சுந்தரம் என்ற எழுத்தாளரைப் பிள்ளை 'எஸ்' போட்டுத் தேடினால் பட்டியல் கையை விரித்துவிடும். புத்தகம் நான்கடி தூரத்தில் இருக்கும், திரையோ இல்லை என்று சொல்லும். இந்தச் சிக்கலோடு நான் இரண்டு வருடம் மல்லுக்கட்டினேன். கடைசியில் லிங்க்ட்இன்னில், தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் பட்டியலிடும் வேலையில் இருக்கும் ஒருவரிடம் கேட்டேன். முன்பின் பழக்கம் இல்லாதவர். நூல் விவரங்களைக் கணினியில் பதியும் மார்க் முறையில் 880 என்ற புலம் எதற்காக இருக்கிறது, அதில் தமிழ் எழுத்திலேயே தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் எப்படி ஏற்றுவது என்று கணினித் திரையைப் படமெடுத்துப் போட்டு விளக்கி எழுதினார். இப்போது எங்கள் பிள்ளைகள் தமிழிலேயே தட்டச்சு செய்து தேடுகிறார்கள். தமிழ் வகுப்பில் கற்ற தட்டச்சு அவர்களுக்கு இங்கேதான் முதன்முதலாக ஒரு காரியத்துக்குப் பயன்படுகிறது. வாசகரின் நேரத்தைச் சேமி என்பது ரங்கநாதனின் நான்காவது விதி. அதை நான் கடைப்பிடிக்க வழி காட்டியவரை இதுவரை நேரில் பார்த்ததில்லை.

கிழிந்த புத்தகத்துக்குச் செல்லோடேப் ஒட்டக்கூடாது என்பதையும் இப்படித்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களில் அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற நூலகர் அம்மா ஒருவர், கோதுமை மாவுச்சத்தில் காய்ச்சிய பசையையும் மெல்லிய ஜப்பானியத் தாளையும் வைத்து ஒட்டும் விதத்தைச் செய்தே காட்டினார். தேவைப்பட்டால் ஈரம் தடவி அதைப் பிரித்துவிடலாம். நம் ஊர் ஈரப்பதத்தில் பசை நன்றாகக் காயாமல் புத்தகத்தை மூடினால் பூசணம் வரும், இரண்டு பக்கமும் உறிஞ்சுதாள் வைத்துப் பாரம் ஏற்று என்று எனக்கென்று தனியாகச் சொன்னார். என் மேசை இழுப்பறையில் இப்போது செல்லோடேப் கிடையாது.

இதில் ஆபத்து இல்லையா என்று நீங்கள் கேட்பது நியாயம். இருக்கிறது. முகநூலில் யாரோ புகழ்ந்தார்கள் என்று ஒருமுறை ஒரு சிறுவர் கதைத் தொகுப்பை உள்ளே பார்க்காமல் வாங்கிவிட்டேன். வந்த பிறகு புரட்டினால், ஒரு கதையில் நிறத்தை வைத்து ஒரு சிறுமியைக் கேலி செய்யும் இடம், அதையே நகைச்சுவையாகச் சொல்லியிருந்தார்கள். அதை நான் அடுக்கில் வைக்கவில்லை. அன்றிலிருந்து உள்பக்கங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் எதையும் தருவிப்பதில்லை. மற்றவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடுகள் இறுக்கமானவை. பிள்ளையின் முகம், பெயர், வகுப்பு, சீருடைச் சின்னம் எதுவும் என் பதிவில் வராது. யார் என்ன புத்தகம் இரவல் வாங்கினார்கள் என்பதை யாரிடமும் சொல்வதில்லை. மேலே சொன்ன பையனைப் பற்றியும் அன்றைக்குக் குழுவில் "8, 9 வயதுப் பிள்ளை" என்பதற்கு மேல் எழுதவில்லை. மாணவர் யாருடைய நட்பு அழைப்பையும் ஏற்பதில்லை. அப்புறம், பிடிஎஃப் விவகாரம். முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பும்படி வாரத்துக்கு ஒருவராவது கேட்பார். சிங்கப்பூரில் 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்தைப் பற்றிச் சொல்லி மறுத்துவிடுவேன். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் தமிழ்ச் சிறுவர் நூல்கள் சில நூறு படிகள் மட்டுமே அச்சாகின்றன. அதில் 50 படிகளின் விற்பனையை ஒரு பிடிஎஃப் தின்றுவிட்டால் அந்த எழுத்தாளர் அடுத்த புத்தகத்தை எழுத மாட்டார். நூலகரே அதைச் செய்வது எனக்குப் பொறுக்காது.

வாட்ஸ்அப் குழு போதாதா என்று ஒரு முதல்வர் என்னிடம் கேட்டார். பக்கத்துப் பள்ளியிடம் அவசரமாக ஒரு புத்தகம் இரவல் கேட்க வாட்ஸ்அப் நல்லதுதான். ஆனால் அங்கே சொன்ன பதில் நாலு நாளில் எங்கோ மேலே போய்ப் புதைந்துவிடும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு அது கண்ணில் படவே படாது. முகநூல் குழுவில் 5 ஆண்டுக்கு முந்தைய கேள்வியையும் தேடி எடுக்கலாம். லிங்க்ட்இன்னில் ஆள் யார், எங்கே வேலை பார்த்தவர் என்று தெரிந்து பேசலாம். பதிப்பாளர், எழுத்தாளர், பல்கலைக்கழக நூலகர் எல்லாரையும் அங்கேதான் பிடிக்க முடிகிறது. டுவிட்டரில் ஆங்கிலத்தில் பள்ளி நூலகர்கள் ஒரு காலத்தில் ஹேஷ்டேக் வைத்து நிறையப் பேசினார்கள். நான் அதிலும் கற்றதுண்டு, இப்போது அவ்வளவாகப் போவதில்லை.

அக்டோபர் மாதத்தை அனைத்துலகப் பள்ளி நூலக மாதமாகக் கொண்டாடுகிறார்கள். பிள்ளைகள் புத்தகத்தில் செருகும் அடையாள அட்டையைத் தாங்களே செய்து வேறொரு நாட்டுப் பள்ளிக்கு அனுப்புவது அதில் ஒரு வழக்கம். குழுவில் பழகியதால், எங்கள் நூலக உதவி மாணவர்கள் கெடாவில் உள்ள ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியோடு இதைச் செய்தார்கள். அங்கிருந்து வந்த உறையில் 23 அட்டைகள். ஒன்றில் ரப்பர் மர இலையை ஒட்டியிருந்தார்கள். அதற்குள் ஒரு சிறுமி எழுதியிருந்தாள்: "எங்கள் பள்ளியில் மொத்தமே 31 பேர். உங்கள் பள்ளியில் எத்தனை பேர்?" எங்கள் மாணவி ஒருத்தி பதில் எழுத உட்கார்ந்தாள். தமிழ்க் கட்டுரைக்கு அரைப் பக்கம் எழுத அழுகிறவள், அன்றைக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினாள். பாதியில் எழுந்து வந்து, "லிஃப்டுக்குத் தமிழ்ல என்ன, டீச்சர்?" என்று கேட்டாள். மின்தூக்கி என்றேன். அவள் அந்தச் சொல்லை அதற்கு முன் எத்தனையோ தடவை பார்த்திருப்பாள்.

இன்னொன்றையும் நினைவுபடுத்த விரும்புகிறேன். தமிழ் இணையத்துக்கு வந்த கதையில் நம் ஊருக்குப் பெருமையான இடம் இருக்கிறது. 1995 அக்டோபரில் நம் கவிஞர்களின் தமிழ்க் கவிதைகள் ஏறிய இணையப் பக்கத்தை அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். அதற்குப் பின்னால் இருந்து உழைத்தவர் நம் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. 1997இல் தமிழும் இணையமும் பற்றிய அனைத்துலக மாநாட்டை இங்கேதான் நடத்தினார்கள். 2000இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானதும் இங்கே நடந்த மாநாட்டில்தான். அதற்கும் முன்னால், இணையமே இல்லாத 1950களில், 'தமிழ் முரசு' நாளிதழில் அதன் ஆசிரியர் கோ. சாரங்கபாணி நடத்திய மாணவர் மணிமன்றம் முகம் தெரியாத பிள்ளைகளையும் இளையர்களையும் எழுத வைத்து ஒருவரையொருவர் அறிய வைத்தது. அதிலிருந்து வந்தவர்கள் பிற்பாடு ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் ஆனார்கள். இந்த ஊரில், 2020களில், பள்ளி நூலகர் ஒருவர் தமிழில் இணையம் வழியாக இன்னொரு நூலகரிடம் கேள்வி கேட்டதற்காக மதிப்பீட்டில் குறை வாங்குவது எனக்குத் துக்கமாக இருக்கிறது.

2020 ஏப்ரல் 8ஆம் தேதி பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறியபோது, நூலகக் கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். பிள்ளைகளுக்கு எந்தத் தமிழ் மின்னூலைக் காட்டுவது, கதை வாசித்துப் பதிவு செய்ய யாரிடம் அனுமதி கேட்பது, எதுவும் தெரியவில்லை. அந்த ஒரு வாரத்தில் குழுவில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் உதவி, எழுத்தாளர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, ஒரு பட்டியல் தயாரித்துவிட்டோம். தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்களை எப்படி இரவல் எடுப்பது என்று தமிழில் ஒரு பக்க விளக்கம் எழுதி எங்கள் பெற்றோர்களுக்கு அனுப்பினேன். அதைச் சரிபார்த்துக் கொடுத்தவர்களும் குழுவில் இருந்த இரண்டு நண்பர்கள்தான். அப்போது அதை யாரும் வீண்பொழுது என்று சொல்லவில்லை.

இனி, உங்களால் செய்யக்கூடியது. நூலக மேசையில் இருக்கும் பெரியவர்களின் கணினிக்கு மட்டும் இந்தத் தளங்களைத் திறந்துவிடுங்கள். பிள்ளைகள் தேடும் கணினியில் தேவையில்லை, நானே வேண்டாம் என்பேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். அதை நூலகரின் பயிற்சி நேரத்தில் சேர்த்துக் கணக்கிடுங்கள். என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதை ஒரே பக்கத்தில் எழுத்தில் கொடுங்கள். எழுத்தில் இருந்தால் எங்களுக்கும் பயம் இருக்காது, அடுத்து வரும் மேலதிகாரிக்கும் குழப்பம் இருக்காது. ஒப்பந்த நிறுவனம் வழியாக வந்தவர் என்றால் அந்த நிறுவனத்திடமும் நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் எடுபடாது. எங்கள் சார்பில் கல்வி அமைச்சிடமும் தேசிய நூலக வாரியத்திடமும் இன்னொன்றையும் கேளுங்கள். ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழாவில் எத்தனையோ நிகழ்ச்சிகள் நடக்கின்றன. பள்ளிகளில் தமிழ்ப் புத்தகங்களைக் கையாளும் நாங்கள் எல்லாரும் நேரில் சந்திக்க அதில் ஓர் அரை நாள் வேண்டும். திரையில் மட்டுமே பார்த்த உட்லண்ட்ஸ்காரரும் பிடோக்காரரும் ஒரே அறையில் உட்கார்ந்தால், திரையில் பேசுவது இன்னும் பயனுள்ளதாகும்.

வாரம் ஒரு மணி நேரம் என்றதற்குக் கணக்குக் கேட்டால் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். என்ன கேட்டேன், யார் சொன்னார், அதனால் அடுக்கில் என்ன மாறியது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். அதன் முதல் பக்கத்தில் சுறா இருக்கிறது. எந்த முதல்வர் வந்தாலும் காட்டுவேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே குழுவில் ஒரு கேள்வி வந்திருக்கிறது. மட்டக்களப்பில் ஒரு பள்ளி நூலகர் கேட்கிறார்: "சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கையைக் காட்டும் தமிழ்ப் படக்கதைகள் இருக்கின்றனவா? எங்கள் மாணவர்கள் உணவங்காடி நிலையம் என்றால் என்னவென்று கேட்கிறார்கள்." என் அடுக்கில் அப்படி மூன்று புத்தகங்கள் இருக்கின்றன, பச்சை ஒட்டுவில்லை அடுக்கிலிருந்து இரண்டாவது தட்டில். இன்று அவற்றைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். இங்கேயும் கணினியில் தளம் திறக்காது. மாலை பேருந்தில் போகும்போது கைப்பேசியில் சுருக்கமாக ஒரு பதில், இரவு வீட்டில் சமையல் முடிந்த பிறகு அட்டைப் படங்களும் வாங்கும் விவரமும் அனுப்புவதாக இருக்கிறேன். அடுத்த முறை அவரோ வேறு யாராவதோ கேள்வி அனுப்பினால், அதற்கு என் நூலக மேசையிலிருந்தே, அடுக்குக்குப் பக்கத்தில் நின்று, பதில் எழுத அனுமதி தாருங்கள்.

அன்புடன்,
ஒரு தொடக்கப்பள்ளி நூலகர்
சிங்கப்பூர்